இருவருக்கும் ஒரு பூட்டு

உங்கள் மின்விசிறியில் ஒரு திருகு தளர்ந்திருக்கிறது, வக்கீலம்மா. சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன். ஒரு ஸ்டூல் கொடுத்தால் ஏறி முறுக்கிவிடலாம், இரண்டு நிமிட வேலை. வேண்டாமா, சரி. நான் நின்றுகொண்டே பேசுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உட்கார்ந்தால் எனக்குப் பேச்சு வருவதில்லை. கொஞ்ச நாளாகவே இப்படித்தான் இருக்கிறது.

நாளை பதினொரு மணிக்கு ஒல்லிக்குத் தீர்ப்பு. அவனுக்காகத்தான் வந்தேன். உங்கள் கோப்பில் அவனுக்கு முழுப்பெயர் இருக்கும். எங்கள் காகித ஆலையில் எல்லோருக்கும் அவன் ஒல்லிதான். பதினாறு வருஷமாக எலக்ட்ரீஷியன். எங்கள் மேற்பார்வையாளரை, பெரியவர் என்போமே அவரை, வேண்டுமென்றே கொன்றான் என்று பதினொரு மாதமாக உள்ளே இருக்கிறான். அவன் கொல்லவில்லை. அதை நீங்கள் நான்கு நாள் வாதாடினீர்கள், நன்றாகவே வாதாடினீர்கள். என்னைக் கூண்டில் ஏற்றி நீங்கள் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டே, கெட்டிக்கார அம்மா என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டேன். ஆனாலும் ஒரு கேள்வியை நீங்கள் கேட்கவே இல்லை. அவ்வளவு அனுபவசாலியான பெரியவர் அன்றைக்கு ஏன் தன் பூட்டை மாட்டவில்லை என்று யாருமே கேட்கவில்லை.

எங்கள் பிரிவில் அரைவைத் தொட்டி என்று ஒன்று உண்டு. இரண்டு ஆள் உயரம் இருக்கும். பழைய காகிதத்தைக் கட்டுக் கட்டாகத் தள்ளித் தண்ணீர் விட்டால், அடியில் இருக்கும் தகடு சுழன்று எல்லாவற்றையும் கூழாக்கிவிடும். கட்டுகளைக் கட்டியிருந்த கம்பி அந்தத் தகட்டில் சுற்றிக்கொள்ளும். வாரம் ஒருமுறை இயந்திரத்தை நிறுத்தி, தண்ணீரை வடித்து, உள்ளே இறங்கிக் கம்பியை வெட்டி எடுக்க வேண்டும். இறங்குகிற ஒவ்வொருவனும் முதலில் மின்பெட்டியின் கைப்பிடியில் தன் பூட்டை மாட்டிவிட்டு, சாவியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். பூட்டு தொங்கும்வரை கைப்பிடி மேலே ஏறாது, இயந்திரமும் ஓடாது. அடுத்தவன் பூட்டை யாரும் தொடக்கூடாது. எங்கள் ஆலையில் சண்டை போடுவார்கள், வதந்தி கிளப்புவார்கள், அடுத்தவன் சாப்பாட்டைக்கூட எடுத்துத் தின்பார்கள். பூட்டை மட்டும் தொடமாட்டார்கள்.

பெரியவரும் நானும் பத்தொன்பது வருஷம் ஒன்றாக இருந்தோம். அவர் மேற்பார்வையாளர், நான் துணை. என்னைத் தம்பி என்பார், நான் அண்ணே என்பேன். என் மனைவிக்குப் பிரசவம் சிக்கலாகி நான் கை கால் ஓடாமல் நின்றபோது, இரண்டு நாள் ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்திருந்தவர் அவர். என் சொந்த அண்ணன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அப்படிப்பட்ட இரண்டு பேருக்கு இரண்டு பூட்டு எதற்கு என்று ஒருநாள் அவரே சொன்னார். அன்று முதல் அவர் இறங்கினால் என் பூட்டு, நான் இறங்கினால் அவர் பூட்டு. பதிவேட்டில் இரண்டு என்று எழுதிவிடுவோம். விதியைக் காப்பாற்ற வேண்டியவர்களே மீறுகிறோம் என்பதால் வெளியே மூச்சு விடவில்லை. ஒல்லிக்குக்கூடத் தெரியாது. அதனால்தான் அவன் உங்களிடம் சொல்லவில்லை.

போன வருஷம் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு அம்மா ஆய்வுக்கு வந்தார். பெரியவர் மூட்டு வலியோடு அறையில் இருந்தார், நான்தான் சுற்றிக் காட்டினேன். கூடவே ஒல்லியும் வந்தான். போகும்போது அந்த அம்மா என்னிடம், "உங்க பெரியவர் இந்த வருஷம் ரிடையர் ஆகறார்ல? அடுத்த தடவை நான் வரும்போது நீங்க அந்த ரூம்ல இருப்பீங்க," என்றார். ஒல்லி அங்கேயே விறைப்பாக நின்று, "தலைவா, இப்பவே ஒரு சல்யூட் வச்சுக்கோங்க, அப்புறம் கூட்டமாயிடும்," என்றான். மூன்று பேரும் சிரித்தோம்.

அந்த அம்மா அதைச் சும்மாதான் சொல்லியிருப்பார். ஆய்வுக்குப் போகிற இடத்திலெல்லாம் யாரிடமாவது எதையாவது சொல்லத்தானே வேண்டும். எனக்குத்தான் அது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. அதுவரை அந்த அறையைப் பற்றி நான் ஆசைப்பட்டதே இல்லை என்று சத்தியம் செய்வேன். அதற்குப் பிறகு அதைத் தவிர வேறு எதையும் நினைத்ததில்லை. கண்ணாடித் தடுப்பு வைத்த அறை, உள்ளே போனால் இயந்திரச் சத்தம் பாதியாகக் குறையும். மேசையை எந்தப் பக்கம் திருப்பிப் போடுவது என்றுகூட முடிவு செய்துவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பெரியவர் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். கையைத் துடைத்துக்கொண்டே, "தம்பி, நல்ல சேதி. எனக்கு மூணு வருஷம் நீட்டிச்சிருக்காங்க. நாம சேர்ந்தே இன்னும் மூணு வருஷம் ஓட்டிடலாம்," என்றார். முகமெல்லாம் சந்தோஷம். என்னை விட்டுப் பிரிய வேண்டியதில்லை என்ற சந்தோஷம்தான் அது, எனக்கு நன்றாகத் தெரியும். நானும் சந்தோஷம்ணே என்றேன். அவர் போன பிறகு என் மனைவி தட்டுகளை எடுத்துக்கொண்டே, "உங்களுக்கு எதையும் வாய்விட்டுக் கேட்டு வாங்கத் தெரியாது," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அதற்கே நான் பல நாள் அவளைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் இப்போது தன் அக்கா வீட்டில் இருக்கிறாள். நான் வீட்டுக்குள் ஓயாமல் நடப்பதைப் பார்த்துத் தலை சுற்றுகிறதாம்.

ஜன்னலைக் கொஞ்சம் திறக்கட்டுமா. பரவாயில்லை, இருக்கட்டும்.

பத்து நாள் கழித்து ஒரு புதன்கிழமை. தகட்டில் கம்பி மோசமாகச் சுற்றிக்கொண்டது. நான் இறங்குகிறேன் என்றேன், உண்மையாகவே சொன்னேன். "போன வாரம் நீ இறங்கின. இன்னைக்கு என் முறை. முட்டி வலிக்கு ஏணி ஏறினா நல்லதுதான்," என்று சொல்லிவிட்டுப் பெரியவர் இறங்கினார். வழக்கம்போல அவருடைய பூட்டு அவர் அறைக் கொக்கியிலேயே கிடந்தது. என் பூட்டை நான் மாட்டினேன், இழுத்துப் பார்த்தேன், அவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் வெட்டியவர் அண்ணாந்து, பெரிய வெட்டுக்கத்தரி கேட்டார். அதை எடுக்க மின்பெட்டியைத் தாண்டித்தான் போக வேண்டும்.

மின்பெட்டி முன்னால் நின்றேன். சாவி என் கையில் இருந்தது. பூட்டைத் திறந்தால் திறக்கிறதா என்று பார்த்தேன். திறந்தது. கழற்றிப் பையில் போட்டேன். இதுவரைக்கும் நான் தப்பு எதுவும் செய்யவில்லை, வக்கீலம்மா. அது என் பூட்டு. நீதிமன்றத்திலும் அதைத்தான் சொன்னேன்: நான் தொட்டிக்குள் இல்லை, என் பூட்டை நான் எடுத்துக்கொண்டேன், அவருடைய பூட்டுக்கு அவர்தான் பொறுப்பு. நீதிபதி தலையை ஆட்டி எழுதிக்கொண்டார்.

திரும்ப மாட்டியிருக்கலாம், அதற்கு நேரம் இருந்தது. ஒல்லி முப்பது அடி தள்ளி வேறு பெட்டியில் வேலையாக இருந்தான், என் பக்கம் பார்க்கவே இல்லை. அவன் பார்க்கும்வரை காத்திருந்தேன். இரண்டு நிமிடம் இருக்கலாம். பக்கத்து இயந்திரங்களின் இரைச்சலில் எங்கள் இடத்தில் கத்தினாலும் தூரத்தில் இருப்பவனுக்குக் கேட்காது, எல்லாம் சைகைதான். உள்ளங்கையைத் தலைமேல் வைத்தால் ஆள் எல்லோரும் வெளியே வந்தாயிற்று என்று அர்த்தம். அவன் திரும்பினான். நான் உள்ளங்கையைத் தலைமேல் வைத்தேன். அவன் நடந்து வந்து மின்பெட்டியைப் பார்த்தான், பூட்டு இல்லை. என்னை மறுபடியும் பார்த்தான், என் கை தலைமேலேயே இருந்தது. கைப்பிடியை மேலே தள்ளினான். விதிப்படி அவன் செய்ய வேண்டியதில் ஒரு குறை சொல்ல முடியாது.

அந்தத் தகடு முழு வேகத்துக்கு வர பதினொரு நொடி ஆகும். ஐந்தாறு நொடிக்குள் நிறுத்தியிருந்தால் கால் போயிருக்கும், ஆள் பிழைத்திருப்பார். காலில்லாதவரை வேலையில் வைத்திருக்கமாட்டார்கள், அறை எனக்கு வந்திருக்கும். அதையும் நின்று யோசித்தேன். ஆனால் பிழைத்தால் அவர் பேசுவாரே. முழு வேகச் சத்தம் வந்த பிறகுதான் இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு ஓடினேன். முதலில் ஓடியவன் நான்தான். துக்கக் கூட்டத்தில் அதைக் குறிப்பிட்டு நாலு பேர் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

போலீஸ் வந்தபோது ஒல்லி அழுதுகொண்டே, தலைவர் கை காட்டினார், போட்டேன் என்றான். நான் காட்டவில்லை என்றேன். பத்தொன்பது வருஷத்தில் நான் பொய் சொல்லி யாரும் பார்த்ததில்லை, அதனால் ஒரே வார்த்தையில் முடிந்துவிட்டது. பெரியவரோடு அவனுக்கு ஏதாவது தகராறு உண்டா என்று கேட்டார்கள். முந்தைய வாரம் லீவு தரவில்லை என்று எல்லோர் முன்னாலும் கத்தினான் என்பதைச் சொன்னேன். கேட்டதற்குத்தான் பதில் சொன்னேன். அது முன்விரோதம் என்று எழுதப்படும் என்று எனக்குத் தெரியாது என்று உங்களிடம் சொல்லலாம். தெரியும்.

அந்த அறை எனக்குக் கிடைத்தது. உட்காரத்தான் முடியவில்லை. மேசையை நான் நினைத்திருந்த பக்கம் திருப்பிப் போட்டேன், மறுநாளே பழையபடி வைத்தேன். ஒரு ஷிஃப்டுக்கு ஏழெட்டுத் தடவை மின்பெட்டிக்குப் போய்ப் பூட்டுகளை எண்ணுகிறேன். நான் தொட்டிக்குள் இறங்க நேர்ந்தால் மூன்று பூட்டு மாட்டுகிறேன், அப்படியும் பாதியில் ஏறி வந்து பார்க்கிறேன். பையன்கள் சிரிக்கிறார்கள், நான் கண்டுகொள்வதில்லை. புதிதாக வந்த துணை மேற்பார்வையாளர் நல்ல மனிதர், அமைதியானவர். என்னைவிட எட்டு வயது சின்னவர். அவர் அந்தக் கண்ணாடித் தடுப்பைத் தாண்டும்போதெல்லாம் உள்ளே எட்டிப் பார்க்கிறார். எல்லோரும்தான் பார்க்கிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

நேற்று ஒல்லியின் மகள் ஆலை வாசலுக்கு வந்தாள். படிப்பைப் பாதியில் விட்டுவிட்டாளாம், என் மனைவி முன்பே சொல்லியிருந்தாள். என்னைத் திட்டத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன், அதற்குத் தயாராகத்தான் போனேன். அவள், "பெரியப்பா, நீங்க பொய் சொன்னீங்கன்னு அப்பா ஒருநாளும் சொல்லல. அந்தப் பதட்டத்துல கை காட்டுனது உங்களுக்கே மறந்திருக்கும்னுதான் சொல்றாரு. தீர்ப்புக்குள்ள கண்டிப்பா ஞாபகம் வந்துடும், தலைவர் வந்து சொல்லுவார்னு நம்பிட்டு இருக்காரு," என்றாள். தண்ணீர் குடிக்கிறாயா என்று கேட்டேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டு நடந்தே போனாள். அதற்குப் பிறகு எனக்கு எந்த இடத்திலும் ஐந்து நிமிடம் நிற்க முடியவில்லை. இன்று காலையில் எழுந்ததும் இங்கே வருவது என்று முடிவு செய்துவிட்டேன்.

ஆக, பெரியவரைக் கொன்றவன் நான். இதைவிடத் தெளிவாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சொல்லிவிட்ட பிறகு நெஞ்சு எவ்வளவு லேசாக இருக்கிறது தெரியுமா. மனசாட்சி என்று ஒன்று எனக்கும் இருக்கிறது என்பதே ஒரு ஆறுதல்தான்.

எழுதிவிட்டீர்களா, கொடுங்கள், படித்துப் பார்க்கிறேன். சரியாக இருக்கிறது, ஒரு எழுத்துகூட மாற்ற வேண்டாம். பேனா இருக்கட்டும் அம்மா. கையெழுத்து மட்டும் இன்றைக்கு வேண்டாம். நான் பதினொரு மாதமாகத் தற்காலிகப் பொறுப்பில்தான் இருக்கிறேன், அது உங்களுக்குத் தெரிந்திருக்காது. நாளை பத்து மணிக்குத் தலைமை அலுவலகத்தில் நிரந்தரம் என்று கடிதம் தருகிறார்கள். ஆய்வுக்கு வந்த அந்த அம்மாவே கையில் தருவாராம். அப்படிப் பார்க்காதீர்கள், ஒல்லியை நான் கைவிடுவேனா? கடிதத்தை வாங்கிக்கொண்டு நேராக நீதிமன்றத்துக்கு வந்து நீதிபதி முன்னாலேயே கையெழுத்துப் போடுகிறேன். பாலத்தில் நெரிசல் இல்லாவிட்டால் பதினொன்றரைக்குள் வந்துவிடுவேன்.