பலகைக்கு அந்தப் பக்கம் லைன் இல்ல

அட, பாலத்துக்கு முன்னாடி ஜுருலயே ரோடு ஜேமா? அதான் லேட்டு. பரவால்ல தம்பி, உக்காருங்க. பால் ஊத்தாம தே ஓ சொல்லியிருக்கேன், இந்தா வந்துரும். ஹரீஷ்தானே? சட்டையில பேரு போட்டிருக்குலா, அதான் படிச்சேன்.

ஆமா, நான்தான் ஜாஹிர். உங்க கம்பெனிக்கு விடாம போன் அடிச்சுக்கிட்டே இருந்தது நான்தான். போன வாரம் உங்காளு ஒருத்தரு வந்து பழைய மோடத்தக் கழட்டிட்டு இந்த வெள்ள டப்பாவ மாட்டிட்டுப் போனாரு. ஃப்ரீயா மாத்தித் தர்றோம்னாரு. ஃப்ரீன்னா நாம வேணாம்னு சொல்லுவோமா? அன்னியிலேர்ந்து பிடிச்சது பிரச்சன.

போன்ல லைன் ஃபுல்லா இருக்கு, ஆமா. கார்டு மெஷினும் ஓடுது. கேமராவும் ஓடுதுலா, நான் இல்லன்னு சொன்னேனா? அப்புறம் எதுக்குக் கூப்டேன்னு மூஞ்சிய அப்படி வைக்காதீங்க. ஒரே ஒரு சாமானுக்குத்தான் லைன் வரல. பழைய டேப்லட்டு. அதுக்கு இன்னிக்கு லைன் வந்தாகணும். அத முடிக்காம நீங்க பாலம் ஏறக் கூடாது, இப்பவே சொல்லிட்டேன்.

எங்க இருக்கா? இருக்கு, இருக்கு. அத அப்புறம் பாப்போம். மொதல்ல ஏன் வரலன்னு சொல்லுங்க.

ம்... சரி. பழைய மோடம் ஒரு மாதிரி பூட்டு போடும், இது வேற மாதிரி போடுது. கெழட்டு டேப்லட்டுக்கு இந்தப் பூட்டு வெளங்காது. அப்புறம்? ஸ்பீடு லைன், ஸ்லோ லைன் ரெண்டையும் இது ஒரே பேர்ல கலந்து விடுது, பழசுக்கு ஸ்லோ லைன் மட்டும்தான் தெரியும். அடேயப்பா, நீங்க சொன்னா எனக்கே புரியுதே. போன்ல கேட்டா ஒரு மணி நேரம் பாட்டுதான் போடுறாங்க. வைஃபை பேரும் மாறிப்போச்சு பாத்தீங்களா? இப்ப என்னமோ நம்பரு வருது. முன்ன அஜீஸ் அண்ட் சன்ஸ்னு வரும்.

புதுசு வாங்கிருங்கன்னா? என்னுதா இருந்தா நேத்தே பாயான் பாரு டவுனுக்குப் போயி வாங்கியிருப்பேன்லா!

சரி, வாய விட்டுட்டேன், சொல்லிர்றேன். இந்தப் பலகைத் தடுப்பப் பாருங்க. இதுக்கு அந்தப் பக்கமும் கைலி கடைதான். கைலி, சொங்கோ தொப்பி, அத்தர், தொழுகப் பாயி, இங்க என்ன இருக்கோ அதான் அங்கயும். கடைக்காரரு கமாலு, எங்க கூடப் பொறந்த அண்ணன். எங்க அத்தா அப்துல் அஜீஸ் மவுத்தான பெறகு ஒரே கடைய நடுவுல பலக வச்சு ரெண்டாக்கிட்டோம். எதுக்குச் சண்டையா? கேட்டா சிரிப்பீங்க. ஏர்கோன எந்தச் சுவத்துல மாட்டுறதுன்னு ஆரம்பிச்சது. எங்கெங்கயோ போயிருச்சு. இன்னிக்கு வரைக்கும் ரெண்டு பக்கமும் ஏர்கோன் இல்ல, ஃபேன்தான் ஓடுது.

பேச்சு நின்னு பல வருஷமாச்சு. காலைல கடை வாசல் அஞ்சடியில பக்கத்துப் பக்கத்துல நின்னு ஷட்டரத் தூக்குவோம், அவரு ரோட்டப் பாப்பாரு, நான் பூட்டப் பாப்பேன். போர்டக் கழட்டினோம், அலமாரியப் பிரிச்சோம், கத்திரிக்கோலக் கூடப் பிரிச்சோம் தம்பி. வைஃபைய யாரு பிரிக்கிறது? அதுக்கு இந்தப் பலக ஒரு தடையா? மோடம் என் பக்கம் நின்னுச்சு, அவரு டேப்லட்டு அந்தப் பக்கம் பழைய பாஸ்வேர்டுலயே ஓடிக்கிட்டிருந்துச்சு. நானும் மாத்தல. அவரும் ஒண்ணும் கேக்கல.

கடை தொறந்ததும் அதுல மார்க்கப் பேச்சு, பயான் போடுவாரு. அப்புறம் மத்தியானம் வரைக்கும் பழைய பாட்டு. சத்தம்னா சத்தம், கஸ்டமரு சைஸ் சொன்னா என் காதுல விழாது. எத்தனையோ நாளு இந்தப் பலகையில குத்தியிருக்கேன். குத்துனா இன்னும் ஏத்துவாரு. இப்ப ஒரு வாரமா சத்தமே இல்ல. நிம்மதியா இருக்கணும்ல? எனக்கு வேலையே ஓடலலா. கமாலண்ணன் என்ன நெனச்சிருப்பாரு? இத்தன வருஷம் விட்டு வச்சிருந்துட்டு, இப்ப தம்பி லைன வெட்டிட்டான்னுதானே நெனச்சிருப்பாரு? கம்பெனிக்காரன் மோடம் மாத்தினது அவருக்கு எப்படித் தெரியும்?

போயி சொல்லிர்றதா? நல்லாச் சொன்னீங்க போங்க. அதுக்கு மொதல்ல நான்ல பேசணும்!

சரி, பழைய பேரயே திரும்பப் போட முடியுமா, போலேயா? அஜீஸ் அண்ட் சன்ஸ். போர்டுல இல்லாமப் போச்சு, பில்லுல இல்லாமப் போச்சு, அத்தா பேரு இதுல மட்டும்தான் நின்னுச்சு. பாஸ்வேர்டும் பழசே போடுங்க. அதுக்குன்னு தனியா ஸ்லோ லைன், தனியாப் பழைய பூட்டா? அப்ப டேப்லட்டக் கையால தொடவே வேணாமா, தானாப் புடிச்சுக்குமா? அவ்ளோதானா! இதுக்கா நான் ஒரு வாரம் மண்டைய ஒடச்சுக்கிட்டேன். போடுங்க, போடுங்க. தே ஓ ஆறுது, அதையும் குடிங்க.

ஆச்சா? இருங்க, பேசாதீங்க... ஒண்ணும் கேக்கலியே. ஆமா, டேப்லட்ட மூடி வச்சிருப்பாரு. தொறந்து பாத்தாத்தானே லைன் வந்தது தெரியும்.

டாய்லெட்டா? என் பக்கம் டாய்லெட்டு இல்ல தம்பி. பிரிக்கையில அது அண்ணன் பக்கம் போயிருச்சு. மோடம் எனக்கு, டாய்லெட்டு அவருக்கு. சிரிக்காதீங்க, நெசமாத்தான். பின்சந்துல போனா ஒரு மரக்கதவு இருக்கும், தள்ளிட்டு உள்ள போங்க. நானும் இத்தன வருஷமா அப்படித்தான் போறேன், வர்றேன். அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு. குழாயில தண்ணி சொட்டு சொட்டாத்தான் வரும், அத நம்பாதீங்க.

அவரு அங்க உக்காந்திருந்தா, நீங்களாச் சொல்ற மாதிரி சொல்லிருங்க, கம்பெனிதான் மோடத்த மாத்திருச்சு, இப்பப் பழைய லைன் வந்துருச்சுன்னு. நான் சொல்லச் சொன்னேன்னு மட்டும் சொல்லிராதீங்க.

பூட்டியிருக்குமா? நானும் அப்படித்தான் பயந்தேன். லைன் போன மறுநா காலைல, இன்னிக்குக் கதவுல பூட்டுதான்டா ஜாஹிருன்னு நெனச்சு, அடக்கிக்கிட்டே போயித் தள்ளிப் பாத்தேன். தொறந்துச்சு. நான் வெட்டிட்டேன்னு நெனச்சுக்கிட்டே, இந்த ஒரு வாரமும், எப்பவும் போல, எனக்கு வாளி நெறையத் தண்ணி புடிச்சு வச்சிருக்காரு தம்பி.