ஜமீலுன்னிசாவின் கல்யாண ரஜாய்

ஒரு படி அரிசி வெந்து வடிவதற்குள் ஆறுமூலைத் துண்டு பன்னிரண்டு தைத்துவிடலாம். வெங்காயம் வதங்கும் நேரத்தில் மூன்று. ஆட்டுக்கறி வேகிற நேரம் இருந்தால் ஒரு முழுப் பூவே முடிந்துவிடும், ஆனால் கறி அடிப்பிடித்திருக்கும். தையலையும் சமையலையும் ஒன்றாக நடத்திப் பார்த்தவள் என்பதால் சொல்கிறேன், பாய்.

நீங்கள் ஜமாத் பெரியவர். வலியுல்லா பாய் நம் வீடு தேடி வருகிறார் என்றால் சும்மாவா. திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் உங்கள் பக்கத்தில்தான் இருக்கிறார், அவருக்கும் பாதி புதுசாக இருக்கும். அவர் தங்கை ஜமீலுன்னிசா போன வெள்ளிக்கிழமை இந்த வீட்டை விட்டுக் கிளம்பி, திருவல்லிக்கேணியில் எங்கள் சொந்தக்காரி அமீனா பீ வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாளே, ஏன் என்றுதானே கேட்கிறீர்கள்? முதலில் டீயைக் குடியுங்கள். நான் போட்டது, கொஞ்சம் அப்படி இப்படித்தான் இருக்கும்.

நான் ராயப்பேட்டைப் பெண். கல்யாணத்துக்கு முன்னால் மிஷன் துரைசானி ஒருத்தி வாராவாரம் எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்து, வெளியே போகாத பெண்களுக்கு எழுத்தும் தையலும் சொல்லிக் கொடுப்பாள். எழுத்து சுமாராக வந்தது. தையல் பைத்தியமாகவே பிடித்துக்கொண்டது. காகிதத்தை ஆறுமூலையாக வெட்டி, அதன் மேல் துணியை மடித்து நூல் ஓட்டி, ஓரத்தோடு ஓரம் சேர்த்தால் பூப்பூவாக வரும். நடுவில் பஞ்சு வைத்து மூடித் தைத்தால் ரஜாய். மயிலாப்பூர் வெயிலுக்கு ரஜாய் எதற்கு என்று எல்லோரும் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். இந்த வீட்டு மாப்பிள்ளை தையல்காரர் என்றும், கடையில் மிஞ்சும் துண்டுத்துணி மூட்டை மூட்டையாக வீட்டுக்கு வரும் என்றும் கேட்டுத்தான் நான் இந்தச் சம்பந்தத்துக்கே தலையை ஆட்டினேன். இவருக்கு இது இன்றைக்குத்தான் தெரியும்.

வந்த பிறகுதான் அடுப்பு என்று ஒன்று இருப்பது தெரிந்தது. காலையில் பசியாற வேண்டும், மத்தியானம் சோறு, அசர் தொழுதுவிட்டு வந்தால் ஏதாவது கடிக்க வேண்டும், ராத்திரிக்கு ரொட்டி. ஊசியில் நூல் கோத்தால் பால் பொங்கும். மாமியார் இருந்தவரை நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டதே கருகல் வாசனையைப் பற்றித்தான். அவர் மௌத்தான பிறகு, பதினேழு வயது ஜமீலுன்னிசா ஒருநாள் அண்ணி என் கையிலிருந்த கரண்டியை வாங்கிக்கொண்டு, நீங்க போய் தைங்க பாபி என்றாள். அன்றைக்கு அவள் வைத்த தால்ச்சாவை இவர் மூன்று தடவை கேட்டு வாங்கினார். நான் அந்த மாதமே ஒரு ரஜாய் முடித்தேன். அல்ஹம்துலில்லாஹ், வீடே சிரித்தது. அந்த மாதிரி நிம்மதி என் வாழ்நாளில் அதற்கு முன்னால் இருந்ததில்லை.

பிறகு அவளுக்கு வரன் வர ஆரம்பித்தது.

முதலில் அத்தர் கடைக்காரர் வீட்டுப் பெண்கள் வந்தார்கள். பெண்ணுக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லையே என்று என்னைத் தனியாகக் கேட்டார்கள். நான் கொஞ்சம் யோசித்துவிட்டு, அல்லாஹ் காப்பாற்றுவான் என்றேன். அதில் எந்த வார்த்தை பொய்? அவர்கள் மறுபடி வரவில்லை. அடுத்தது மாம்பலத்தில் புது வீடு கட்டிக்கொண்டு போன குடும்பம். பெண்ணின் கைப்பக்குவம் பார்க்க வேண்டும், ஒரு தட்டு அனுப்புங்கள் என்றார்கள். அனுப்பினேன். உப்பை அள்ளிக் கொட்டவில்லை, எதையும் கெடுக்கவில்லை. நானே சமைத்து அனுப்பினேன், அவ்வளவுதான்.

மூன்றாவது வரன் எனக்குத் தெரியாமலே வந்துவிட்டது. அந்த வருஷம் நோன்புக் கஞ்சி முறை எங்கள் வீட்டுக்கு விழுந்தது. பள்ளிவாசல் கடிகாரத்தைப் பழுதுபார்க்க ஹனீஃபா என்கிற பையன் வந்திருந்தார். கஞ்சியைக் குடித்துவிட்டு, இது யார் வீட்டுக் கை என்று கேட்டாராம். இவர், என் தங்கச்சி கை என்றிருக்கிறார். அன்றைக்கு ராத்திரி தராவீஹ் தொழுகை முடிவதற்குள் சம்பந்தம் பேசி முடித்துவிட்டு வந்து நிற்கிறார் மனுஷன். நான் என்ன செய்ய முடியும்? நோன்பு முடிந்து ஷவ்வாலில் நிச்சயம். ஹனீஃபா ரங்கூனில் மாமா கடையில் இரண்டு வருஷம் இருந்துவிட்டு வந்து நிக்காஹ் செய்வதாகப் பேச்சு. அது முப்பதாம் வருஷம். அன்றைக்கே நான் ஜமீலுன்னிசாவுக்குக் கல்யாண ரஜாய் தைக்க உட்கார்ந்தேன். அதை மறந்துவிடாதீர்கள்.

கடிதங்கள் இவர் பெயருக்கு வரும். இவருக்குப் படிக்க வராது, அவளுக்குக் குர்ஆன் ஓத மட்டும் தெரியும். வீட்டில் படிக்கிறவள் நான்தான். முதல் மூன்று கடிதத்தை உரக்கப் படித்துக் காட்டினேன். ஜமீலுன்னிசா கதவுக்குப் பின்னால் நின்று கேட்பாள். பிறகு கடிதத்தை வாங்கிக்கொண்டுபோய்த் தன் பெட்டியில் வைப்பாள். அவள் வாழ்க்கையில் முதல்முறையாகக் குழம்பில் உப்புப் போட மறந்தது அப்போதுதான். நான் சிரித்துக்கொண்டேன், எனக்குப் பாவமாகக்கூட இருந்தது.

நான்காவது கடிதத்தில், பக்ரீத் முடிந்ததும் வந்துவிடுகிறேன், நாள் குறியுங்கள் என்று எழுதியிருந்தார். அதை நான் படித்துக் காட்டவில்லை. ரஜாய் பாதிகூட ஆகவில்லை, பாய். அவள் போய்விட்டால் மிச்சப் பாதியை நான் எப்போது தைப்பது? பதில் வராமல் அவர் மறுபடி எழுதினார். தபால்காரர் என்னிடம்தான் கொடுப்பார். நான்காவதையும் சேர்த்து அப்படிப் பதினொரு கடிதம்.

அவற்றை அடுப்பில் போட்டிருக்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். எப்படிப் போடுவேன்? ஒவ்வொன்றின் தலைப்பிலும் அந்தப் பையன் அழகாக அரபியில் பிஸ்மில்லா எழுதியிருப்பார். அதை எரிக்கிற அளவுக்கு நான் ஈமான் இல்லாதவளா? தலைப்பை மட்டும் பதினொன்றையும் கத்தரித்து, குர்ஆனைச் சுற்றி வைக்கும் பட்டு உறையின் உள்மடிப்பில் மரியாதையாக வைத்தேன். மிச்சக் காகிதம் நல்ல கனம். ஆறுமூலையாக வெட்டினால் துணி சுருங்காமல் நிற்கும். அவளுடைய ரஜாய்க்குத்தான் வைத்துத் தைத்தேன். அவர் எழுதியது அவளிடமே போய்ச் சேர்ந்தது என்றும் சொல்லலாம்.

அந்தப் பதினொன்றில் கடைசிக் கடிதத்தில், ஆம் இல்லை என்று ஒரு வரி போதும் என்று கெஞ்சியிருந்தார். பெரியவர்கள் கேட்டால் பதில் சொல்லலாம், சின்னவர் கேட்டால் சொல்லக்கூடாதா? பெண்ணுக்கு வேறிடம் முடிந்துவிட்டது, துஆ செய்யவும் என்று இவர் பெயரில் ஒரு வரி எழுதிப் போட்டேன். ஜமீலுன்னிசாவிடம், அந்தப் பையன் மறந்துவிட்டார் போலிருக்கிறது என்றேன். மூன்று நாள் அழுதாள். ஆனால் அந்த மூன்று நாளும் சாப்பாட்டில் ஒரு குறை கிடையாது. அதைச் சொல்லத்தான் வேண்டும். ஹனீஃபாவுக்கு ரங்கூனிலேயே நிக்காஹ் ஆகி இரண்டு பிள்ளைகள் என்று அமீனா பீ வந்து சொன்னாள். நல்லா இருக்கட்டும்.

போன வெள்ளிக்கிழமை ஜமீலுன்னிசா குர்ஆனின் பழைய பட்டு உறையைப் பிரித்து மாற்றப் போனாள். தலைப்புகள் உதிர்ந்தன. அவள் அந்த எழுத்தை மூன்று கடிதத்தில் ஆறு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தவள். ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தரையில் அடுக்கினாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்க எனக்குப் படிச்சுக் காட்டினது மூணு. அந்த மூணும் என் பெட்டியில கீது. இந்தப் பதினொண்ணும் இன்னா பாபி?"

நான் மறைக்கவில்லை. மறைக்கிற புத்தி எனக்குக் கிடையாது. மிச்சம் உன் ரஜாய்க்குள்ளதான் கீதும்மா, பத்திரமா கீது என்றேன்.

அவள் இவருடைய பழைய பிளேடை எடுத்துவந்து, அசர் பாங்கு சொல்லும்வரை ஒவ்வொரு தையலாக அறுத்தாள். அன்றைக்கு அடுப்பே பற்றவைக்கவில்லை. காகிதத் துண்டுகளை மடியில் கட்டிக்கொண்டு, யாரையாவது படித்துக்காட்டச் சொல்கிறேன் என்று புர்கா போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

ஆமாம், கடிதங்களை மறைத்தது நான்தான். இவர் பெயரில் எழுதியதும் நான்தான். வந்த வரன்களைத் திருப்பி அனுப்பியதும் இந்த ஜைதூன் பீதான். நீங்கள் நடந்ததைக் கேட்டீர்கள், சொல்லிவிட்டேன். ஆனால் பாய், என் பக்கத்தையும் கொஞ்சம் பாருங்கள். ஆறு வருஷத் தையல் அது. கண்ணைக் கெடுத்துக்கொண்டு நான் அவளுக்காகத் தைத்தது. ஒரே மத்தியானத்தில் கந்தலாக்கிப் போட்டுவிட்டுப் போனாள். வேறு யாராவதாக இருந்தால் வாசல் மிதிக்க விடுவார்களா?

எனக்கு அவள் மேல் கோபமே இல்லை. பாபி உன்னை மன்னித்துவிட்டாள் என்று அமீனா பீ வீட்டில் போய்ச் சொல்லுங்கள். மத்தியான லுஹர் தொழுகைக்குள் வந்துவிட்டால் நல்லது, இன்னும் உலை வைக்கவில்லை.