ரங்கெல் வீட்டில் இருந்த பிரதி

— ரெண்டுமே போச்சா வாத்தியாரே? கம்ப்யூட்டரும், பிரதி எடுத்து வச்ச டிஸ்க்கும்?

— ரெண்டும்தான் இஞ்சினியரே. வியாழக்கிழமை இடி விழுந்தப்ப டிஸ்க்கு கம்ப்யூட்டர்லயேதான் மாட்டிக் கிடந்துச்சு.

— பிரதி எடுத்த கையோட வயரைப் புடுங்குங்கன்னு இந்தக் கம்ப்யூட்டர் கிளப்புல ஒன்பது வருஷமா கத்துறது நீதானேய்யா மெத்தோடி!

— சொல்லிக்காட்டாதீங்க. வக்கீலுக்குப் பேப்பர் தயார் பண்ணிட்டு நாற்காலியிலயே அசந்துட்டேன். ஆறு வருஷமா கோர்ட்டுக்கு அலையுறேன், உடம்பு கேக்கல.

— ரிப்பேர்காரன் என்ன சொன்னான்?

— ப்ளோவ்திவ் டவுன் வரைக்கும் பஸ்ல தூக்கிட்டுப் போனேன். கருகின வாடையை மோந்து பார்த்துட்டுத் திருப்பிக் கொடுத்துட்டான்.

— அப்ப மூணாவது பிரதிதான்.

— ஆமா. உங்க வீட்டுல இருக்கிறது. ஒரு பிரதி இன்னொருத்தர் வீட்டுல இருக்கணும்னு சட்டம் போட்டதும் நான்தான். கம்பளித் தொப்பியில சீட்டுப் போட்டுக் குலுக்குனோம். இருபது பேரு இருக்கையில ரங்கெல்னு உங்க பேருதான் எனக்கு வரணுமா?

— எனக்கு மட்டும் இனிச்சுதாக்கும்.

— திங்கட்கிழமை கடைசி விசாரணை. சுரங்கத் தூசியில நுரையீரல் போனவங்க கட்டில் பக்கத்துல உக்காந்து ஒவ்வொருத்தர் பேச்சா பதிஞ்சது அது. இருமி இருமிப் பேசினாங்க. பாதிப் பேரு இப்ப உயிரோட இல்ல. அது இல்லாட்டி அவங்க பொண்டாட்டி பிள்ளைங்களுக்கு ஒண்ணும் கிடைக்காது.

— தெரியும். வேல்கோ சாகுறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி பேசியிருக்கான்.

— உங்களுக்கு எப்படித் தெரியும்? பாஸ்வேர்டு உறையைப் பிரிச்சீங்களா? நான் செத்தாத்தான் பிரிக்கணும்னு ஒட்டிக் கொடுத்தேனே!

— பிரிச்சேன். போன குளிர்காலத்துல. ரக்கியா சாராயம் கொஞ்சம் உள்ள போயிருந்துச்சு. என்னைப் பத்தி என்ன பேசுறாங்கன்னு பார்ப்போம்னு தோணுச்சு.

— கேட்டீங்களா?

— முழுசா. கேட்டு முடிக்கப் பதினோரு நாள் ஆச்சு. தூசி அளக்குற இஞ்சினியர் கீழ இறங்கவே மாட்டாரு, மேல உக்காந்துக்கிட்டே குறைச்சு எழுதிடுவாருன்னு ஆளாளுக்குச் சொல்றாங்க.

— பொய்யா சொல்றாங்க?

— காபிக்குச் சீனி போடவா?

— இஞ்சினியரே, சண்டை போட எனக்குத் தெம்பு இல்ல. அழிச்சிருந்தா அழிச்சுட்டேன்னு சொல்லிடுங்க. நான் பாட்டுக்கு வீட்டுக்குப் போயிடுறேன்.

— உக்காருய்யா. இந்தா, மாட்டிப் பாரு.

— இருங்க, பாஸ்வேர்டு போடுறேன்... திறக்குது. ஸ்பாஸ் இருக்கான். வேல்கோ இருக்கான். அப்பாடா, எல்லாருமே இருக்காங்க! நான் என்னென்னமோ நினைச்சுட்டேன், மனசுல வச்சுக்காதீங்க.

— நீ நினைச்சதுல தப்பு இல்ல. ஒரு நாள் அழிக்கத்தான் உக்காந்தேன்.

— இது என்ன, கடைசியில ஒண்ணு கூடுதலா இருக்கு? போன மாசத் தேதி போட்டிருக்கு. நான் பதியலையே.

— அதுல பேசுறது நான்தான். குறைச்சு எழுதச் சொன்னது யாரு, எந்தெந்த மாசம் எழுதினேன், எல்லாத்தையும் சொல்லியிருக்கேன். திங்கட்கிழமை முதல்ல அதைப் போடச் சொல்லு.