மகன் எடுக்காத பேச்சு

...எடுத்திருக்கணுமா இல்லையா, நீயே சொல்லும்மா! பெத்தவகிட்ட ஒரு வார்த்த சொல்லாம வீட்ட வித்துட்டு, பொண்டாட்டியக் கூட்டிட்டு கார்ன்வாலுக்குப் போயிட்டான் என் மகன் டெரிக். யார்க்‌ஷயர்ல நான், இங்கிலாந்தோட அந்தக் கோடியில அவன்!

ரயில் போய்ச் சேர இன்னும் நேரமிருக்கு, அந்தப் பைய கீழ வையேன். மடியில வெச்சிருந்தா இப்பவே எறங்கப் போற மாதிரி இருக்கு.

ஞாயித்துக்கிழம தவறாம மத்தியானச் சாப்பாட்டுக்கு வருவான். சாப்ட்டுட்டு தொண்டையச் செருமுவான். "அம்மா, ஒரு சப்ஜெக்ட்ட ப்ரோச் பண்ணணும்"பான், அதாவது ஒரு பேச்ச எடுக்கணுமாம். அந்த வார்த்தையோட லட்சணம்தான் ஊருக்கே தெரியுமே! புள்ள பொறந்த சேதிய யாராச்சும் ப்ரோச் பண்ணுவாங்களா? சொல்லத் தயங்குற சமாச்சாரத்துக்குத்தானே அது? என் வீட்டுக்காரர் நார்மன் ரெண்டே தடவதான் அந்த வார்த்தைய சொன்னாரு. ஒண்ணு, மில்லுல வேல போனப்ப. இன்னொண்ணு, டாக்டர் ரிப்போர்ட் வந்தப்ப. அடுத்த வசந்தத்துல அவரே இல்ல.

அதனால டெரிக் செருமினாலே நான், "அய்யோ, அடுப்புல புட்டிங்!"னு ஓடிடுவேன். ஒருவாட்டி பக்கத்து வீட்டு மிசஸ் அக்ராய்டோட முழங்கால் ஆபரேஷன முக்கா மணி நேரம் சொன்னேன். அதுக்கும் அசரல. மேசைக்கடியில வாக்குவம் க்ளீனரப் போட்டேன். ரெண்டு காலையும் தூக்கிட்டு உக்காந்திருந்தான், பாவம்... ஏழு ஞாயிறு!

அவன் வாசல்ல விற்பனை போர்டு நட்டிருந்தத நான் பாக்கலன்னா நெனைக்கிற? பாத்தேன்மா. ஒழுங்கா வளத்த புள்ள, சொல்லாம போக மாட்டான்... சொல்ல விடலன்னா போகவே மாட்டான்னு கணக்குப் போட்டேன்.

போயிட்டான். லெட்டர் வந்துச்சு. "அம்மா, உனக்கும் ஒரு ரூம் இருக்கிற வீடா பாக்கவான்னு கேக்கத்தான் வந்தேன். ஏழு வாரமா நீ பேச்ச எடுக்கவே விடல. உனக்கு இஷ்டமில்ல போலன்னு சின்ன வீடாவே வாங்கிட்டோம்."

இப்ப வாரா வாரம் ஃபோன் பண்றான். அங்க வெயிலாம். இங்க மழைன்னேன். அப்புறம் அங்கயும் மேகமாம். எனக்கு அங்க போகணும்னு இருக்கும்மா. நாக்கு நுனி வரைக்கும் வருது. எந்த வாயால பேச்ச எடுக்குறது, சொல்லு?

அட... எந்திரிச்சுட்ட? இந்த ஸ்டேஷன்ல யாருமே எறங்க மாட்டாங்களேம்மா!