கை பட்ட மேசை

– அப்பா, இது நீங்க சபைக்குப் பண்ணிக் குடுத்த மேசைதானே? பட்டறைக்கு ஏன் தூக்கிட்டு வந்தீங்க?

– ஒரு கால் உடைஞ்சிருச்சு பாப்பா. அந்தப் பக்கம் பிடி… ஆடாம.

– எப்படி உடைஞ்சுது?

– விழுந்துச்சு.

– மேசை எப்படிப்பா விழும்? யானை ஏறினாலும் அசையாதுன்னு நீங்கதானே…

– யானை ஏறலையே. பிசினை எடு. ஆமா, வாசல்ல என்ன பை?

– பழைய துணி. பேச்சை மாத்தாதீங்க. சபைக் கூட்டம்னாலே ஓடி ஒளிவீங்க, இன்னிக்கு மட்டும் ஏன் போனீங்க?

– சும்மா… கூப்பிட்டாங்க.

– என்னைப் பத்திப் பேசினாங்களா?

– ம்.

– புருஷன் அடிக்கிறான்னு அப்பா வீட்டுக்கு வந்தவளைப் பத்தி போதகர் ஐயா என்ன சொன்னார்?

– இயேசு சாந்தமானவராம். நீயும் சாந்தமாத் திரும்பிப் போய்ப் பொறுத்துக்கணுமாம்.

– நீங்களும் தலையாட்டியிருப்பீங்க.

– ஆட்டினேன்.

– அப்பா!

– சாந்தமானவர்னு சொன்னதுக்கு மட்டும்தான். அப்புறம் கேட்டேன்… ஐயா, அவரும் என்னை மாதிரி தச்சர்தானே? ஆமான்னார். அப்ப ஒரு மேசை பண்ண எவ்வளவு பாடுன்னு அவருக்குத் தெரியும்ல?

– நீங்களா கேட்டீங்க? வாயில்லாப்பூச்சின்னு எல்லாரும் சொல்ற எங்கப்பாவா?

– கேளு. தெரிஞ்சும் ஆலயத்துல காசு மாத்துறவங்க மேசையைக் கவுத்தாரே, எதுக்கு? இல்லாதவங்களை ஏய்ச்சுட்டிருந்தாங்க, அவரால பார்த்துட்டு நிக்க முடியலை. கை இல்லாதவர் இல்லை ஐயா அவர். யார் மேல கை வைக்கக் கூடாதுன்னு தெரிஞ்சவர். அதான் சாந்தம். என் பொண்ணை அடிச்சவன்கிட்ட போய் அதைச் சொல்லுங்கன்னேன்.

– அதையா சொன்னீங்க… அவர்கிட்ட?

– அழுறியா? மேசை ஆடுது.

– அழலை. பெருமையா இருக்குப்பா.

– எனக்கு உன்னை நினைச்சுத்தான் பெருமை. அந்த வீட்டை விட்டு வந்தியே, முதல்ல கவுத்தது நீதான்.

– அப்புறம் என்ன ஆச்சு?

– அப்புறம்தான்… விழுந்துச்சு.

– தானாவா?

– கொஞ்சம் கை பட்டுச்சு.

– ஐயோ! யாருக்கும் அடி படலையே?

– எல்லாரையும் தள்ளி உக்காரச் சொல்லிட்டேன். டீ கிளாஸையெல்லாம் எடுத்து ஜன்னல்ல வெச்சேன்.

– சொல்லிட்டா கவுத்தீங்க!

– பின்னே? போதகர் மடியில சூடா கொட்டிட்டா?

– சிரிக்க வைக்காதீங்க, கை நழுவுது… அவர் திட்டலையா?

– இல்லை. நான் மேசையைத் தூக்கினப்ப மறுபக்கம் அவர்தான் பிடிச்சார். பட்டறை வரைக்கும் வந்துட்டு, உன் முகத்துல எப்படி முழிக்கிறதுன்னு திரும்பிட்டார்.

– அப்பா…

– ம்.

– அந்தப் பை… பழைய துணி இல்லைப்பா. என்னால நீங்க தலைகுனிஞ்சு நிக்கிறீங்களேன்னு… நாளைக்கே அந்த வீட்டுக்குத் திரும்பிப் போயிடலாம்னு…

– காலைல நீ துணி அடுக்கறப்பவே பார்த்துட்டேன் பாப்பா. இல்லேன்னா நானாவது, கூட்டத்துக்குப் போறதாவது!