ஒற்றை விரலில் திரும்பிய கார்

நான் காரை வெயிலில் நிறுத்துகிறவன் இல்லை, இன்ஸ்பெக்டர் ஐயா. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். இப்போது அது உங்கள் ஸ்டேஷன் வாசலில் மொட்டை வெயிலில் நிற்கிறது. பெயின்ட் பொரிந்துவிடும். யாரிடமாவது சொல்லி ஒரு தார்ப்பாய் போடச் சொன்னால் புண்ணியமாகப் போகும். மற்றபடி நீங்கள் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்லுகிறேன். ஏட்டையா எழுதுவதற்குத் தோதாக நிதானமாகவே சொல்லுகிறேன்.

தூத்துக்குடியில் அந்த மாதிரி கார் வேறு கிடையாது. இரண்டே சீட்டு. மேல்கூரையை மடித்துவிடலாம். இன்ஜின் பின்னால், டிக்கி முன்னால். நான் வேலை பார்த்த கப்பல் கம்பெனியின் வெள்ளைக்கார மேனேஜர் அந்தக் காலத்தில் ஆசைப்பட்டு வரவழைத்தது. அவர் ஊரைவிட்டுப் போகும்போது சாவியை என் கையில் கொடுத்து, பார்த்துக்கொள் என்றார். அன்றிலிருந்து பார்த்துக்கொள்கிறேன். இந்த ஊர் உப்புக் காற்றில் ஜன்னல் கம்பியே உதிர்ந்து விழும். என் காரில் ஒரு துருப்புள்ளி காட்டுங்கள் பார்க்கலாம். தினமும் நல்ல தண்ணீரில் துடைப்பேன். குடிக்கத் தண்ணீர் வராத நாளிலும் துடைத்திருக்கிறேன். பிளாரன்ஸ் முணுமுணுப்பாள். பிளாரன்ஸ் என் மனைவி.

ஒரே குறை ஸ்டியரிங்தான். அந்தக் காரின் அசல் டயர் இங்கே கிடைக்காததால் ஜீப் டயர் மாட்டியிருந்தேன். அதன் பிறகு சக்கரத்தைத் திருப்புவது ஆட்டுரலை நகர்த்துகிற வேலையாகிவிட்டது. எனக்கு வலது தோளும் பழுது. கம்பெனி வேலையோடு முத்துக்குளிக்கவும் போய்க்கொண்டிருந்த காலத்தில் ஏற்பட்டது. ஒருநாள் மீன் மார்க்கெட் முனையில் திருப்ப முடியாமல் நேரே போய்ச் சாளைக் கூடைகளுக்குள் நின்றேன். மீன்காரிகள் சொன்னதை ஏட்டையா எழுத வேண்டியதில்லை. ஆனால் அத்தனை பேரும் சிரித்தார்கள். என்னைப் பார்த்துச் சிரித்தால் பரவாயில்லை, காரைப் பார்த்துச் சிரித்தார்கள். அது எனக்குப் பொறுக்கவில்லை.

அந்தச் சமயம் புதுத் துறைமுகத்துக்கு வந்த கப்பலில் ஒரு கிரேக்க இன்ஜினியர் இருந்தார். அவர்தான் பவர் ஸ்டியரிங் பற்றிச் சொன்னார். இன்ஜின் ஒரு பம்பைச் சுற்றுமாம், பம்பு எண்ணெயைத் தள்ளுமாம், எண்ணெய் சக்கரத்தைத் திருப்புமாம். ஓட்டுகிறவன் ஒற்றை விரலை வைத்தால் போதுமாம். அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை எனக்கு. மறுநாள் காலையில் சங்கரலிங்கத்தின் ஒர்க்ஷாப்பில் போய் நின்றேன்.

"பம்புக்கு எங்கன போவ, அண்ணாச்சி?" என்றார் அவர். "மெட்ராசுலயே கிடையாது. கிடைச்சாலும் இன்ஜின் பின்னால கெடக்கு, சக்கரம் முன்னால கெடக்கு. நடக்கிற காரியமா? பேசாம வித்துப் போடுங்க."

விற்றுப் போடுவதாம். நல்ல மனிதர்தான், ஆனால் பேசத் தெரியாது.

வீட்டுக்கு வந்து டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பவர் என்றால் அது எண்ணெயாகத்தான் இருக்க வேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லையே என்று தோன்றியது. டிக்கியில் இடம் இருந்தது. வீட்டில் மச்சினன் இருந்தான்.

நீங்கள் நாசரேத் பக்கம், வாத்தியார் குடும்பம் என்று கேள்விப்பட்டேன். எங்கள் கடற்கரை வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்காது. முத்துக்குளிக்கிறவன் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்குவான். கயிற்றின் மறுநுனியைத் தோணியில் ஒருத்தன் பிடித்திருப்பான். மூச்சு முட்டும்போது கீழே இருக்கிறவன் கயிற்றை இழுப்பான், மேலே இருக்கிறவன் தூக்கிவிடுவான். கொஞ்சம் அசந்தால் கீழே உள்ளவன் கதை முடிந்தது. அதனால் அந்தக் கயிற்றைக் கண்டவனிடம் கொடுக்க மாட்டோம். பெண்டாட்டியின் கூடப்பிறந்தவனிடம்தான் கொடுப்போம். தன் அக்கா தாலி அறுவதை எந்தத் தம்பியும் விரும்ப மாட்டான் என்ற நம்பிக்கை. என் கயிற்றைப் பிடித்தவன் பிளாரன்சின் தம்பி ரோச். ஒரு தரம்கூட அவன் கை பிந்தியதில்லை. நான் இழுக்க நினைக்கும்போதே அவன் தூக்க ஆரம்பித்திருப்பான்.

முத்துக்குளிப்பு நின்றுபோன பிறகு துறைமுகத்தில் மூட்டை இறக்கிக்கொண்டு எங்கள் வீட்டோடுதான் இருந்தான். கல்யாணம் ஆகவில்லை. கையும் தோளும் அப்படியே இருந்தன. அவனிடம் விஷயத்தைச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தான்.

"கடலே இல்லாம என்னைய முக்குளிக்கச் சொல்லுதீங்களா, அத்தான்?"

"உனக்குக் கயிறு புதுசாலே?" என்றேன்.

"புதுசில்ல. அக்காகிட்ட மட்டும் சொல்லிராதீங்க. ரெண்டு பேரையும் ஏசியே கொன்னுருவா."

சங்கரலிங்கம் சக்கரத்தைத் திருப்புகிற தண்டில் ஒரு இரும்புக் கம்பியைப் பற்றவைத்து, அது டிக்கிக்குள் நீட்டிக்கொண்டு வரும்படி செய்து கொடுத்தார். இதை யார் இழுப்பது என்று கேட்டார். மச்சினன் என்றேன். வேடிக்கைக்குச் சொல்லுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார். அவர்மேல் தப்பில்லை, அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ரோச் காலை மடக்கி உட்கார்ந்து அந்தக் கம்பியைப் பிடித்துக்கொள்வான். அவன் மணிக்கட்டில் ஒரு கயிறு. மறுநுனி டாஷ்போர்டில் ஓட்டை வழியாக என் கைக்கு வரும். ஒரு இழுப்பு இழுத்தால் வலது, இரண்டு இழுப்பு இழுத்தால் இடது. அவ்வளவுதான் பாஷை. நான் ஸ்டியரிங்கில் விரலை வைப்பேன், கயிற்றை ஒரு சுண்டு சுண்டுவேன், கார் வெண்ணெய் மாதிரித் திரும்பும். முதல் நாள் பீச் ரோட்டில் திருப்பியபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. மீன் மார்க்கெட் முனையில் வேண்டுமென்றே மூன்று சுற்றுச் சுற்றினேன். ஒருத்தியும் சிரிக்கவில்லை.

பிளாரன்சும் ஏறி வந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அவ்வளவு சந்தோஷமாக என் பக்கத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. "எப்படிங்க இவ்வளவு லேசாத் திரும்புது?" என்றாள். பவர் ஸ்டியரிங் என்றேன். டிக்கிக்குள் ரோச் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினான். வண்டி இருமுதே என்றாள். பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கிறது என்றேன். தம்பியும் ஒருநாள் கூட வரட்டுமே, பாவம், ஆசையாக இருப்பான் என்றாள். சீட்டு இல்லையே என்றேன்.

காற்றுக்காக டிக்கி மூடியில் ஓட்டைகள் போட்டிருந்தோம். அது ரோச் கேட்டுப் போட்டது. அடைத்தது நான். மணப்பாட்டில் ஒரு ஞானஸ்நானத்துக்குப் போக வேண்டியிருந்தது. குலசேகரன்பட்டினம் வழியாகப் போகும்போது செம்மணல் பறக்கும். மணல் ஸ்டியரிங் பாகங்களுக்கு ஆகவே ஆகாது. அதனால் மெழுகுத் துணியை வைத்து உள்பக்கமாக நன்றாக ஒட்டினேன். ரோச் பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.

"அத்தான், மூச்சு முட்டாதா?"

"கடலுக்கடியில நான் இருக்கலயாலே?"

அவன் கயிற்றை மணிக்கட்டில் கட்டிக்கொண்டான். ஏறி உட்கார்ந்துகொண்டான். டிக்கியின் பூட்டு என் காலடியில் இருக்கிறது. உள்ளிருந்து திறக்க வராது. அது செய்தவன் வைத்த அமைப்பு, நான் கை வைக்கவில்லை.

நல்ல வெயில். திருச்செந்தூர் வரைக்கும் அருமையாகப் போனது. அதைத் தாண்டிச் சாலை நேராக இருந்ததால் நான் கயிற்றைத் தொடவே இல்லை. அப்போதுதான் அந்தப் பக்கத்திலிருந்து இழுப்பு வந்தது.

இதை நீங்கள் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். கயிற்றில் பேசுகிறவன் நான், கேட்கிறவன் அவன். அவன் என்னிடம் பேசுவதற்கென்று நாங்கள் ஒரு பாஷையும் வைத்துக்கொள்ளவில்லை. வைத்திருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. ஒரு குறையென்றால் அதைச் சொல்லலாம்.

மறுபடியும் இழுத்தான். பிளாரன்ஸ் பார்த்துவிட்டாள்.

"ஏங்க, அந்தக் கயிறு என்னத்துக்கு ஆடுது?"

"வண்டி அதிர்வு."

"அதிர்வுன்னா நிக்காமல்லா ஆடணும்? இது விட்டு விட்டு இழுக்குது. ஆளு இழுக்க மாதிரி இருக்கு."

கடற்கரைப் பெண்ணிடம் கயிற்றைப் பற்றிப் பொய் சொல்வது கஷ்டம். கயிற்றை எடுத்து என் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். அதன் பிறகு அவள் கண்ணில் படவில்லை. எனக்குத் தெரிந்துகொண்டுதான் இருந்தது. முதலில் பலமாக, பிறகு லேசாக, பிறகு இல்லை. உறங்கியிருப்பான் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததாகத்தான் எனக்கு ஞாபகம்.

குலசேகரன்பட்டினம் தாண்டி ஒரு வளைவு வந்தது. இடது பக்கம் திரும்ப இரண்டு இழுப்பு இழுத்தேன். பதில் இல்லை. மறுபடி இழுத்தேன். பிறகு இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை மல்லுக்கட்டினேன். கார் நேரே சாலையை விட்டிறங்கிப் பனங்காட்டு மணலுக்குள் போய் நின்றது. காருக்கு ஒரு கீறல்கூட இல்லை. பிளாரன்சுக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவளைப் பனை நிழலில் போய் நிற்கச் சொல்லிவிட்டு டிக்கியைத் திறந்தேன்.

ரோச் கம்பியை விட்டிருந்தான். கயிற்றை இரண்டு கையாலும் பிடித்திருந்தான்.

பூட்டு விழாமல் மூடியைச் சாத்தினேன். அந்த நேரம் மாசானம் என்ற பனையேறி அந்தப் பக்கமாக வந்தார். அவர் சாட்சி சொன்னதெல்லாம் உண்மைதான். அண்ணாச்சி, கொஞ்சம் இந்த டிக்கிக்குள்ள உக்காந்து ஒரு கை குடுங்க, ஊருக்குள்ள போனதும் எறக்கி விட்டுருதேன் என்று நான்தான் கேட்டேன். ஞானஸ்நானத்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. ரோச்சை எங்கே உட்கார வைப்பது என்று நான் யோசிக்கவில்லை. இரண்டு சீட்டு வண்டியில் அது ஒரு தொந்தரவு. மாசானம் மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் போட்ட சத்தத்தில் பிளாரன்ஸ் ஓடி வந்தாள்.

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. தம்பியின் தலையைத் தன் கையில் ஏந்திக்கொண்டு, அவன் மணிக்கட்டிலிருந்த கயிற்றை அவிழ்க்கப் பார்த்தாள். வெகுநேரம் ஆயிற்று. ரோச் முடிச்சு நன்றாகப் போடுவான். நான் உதவி செய்யப் போனேன். என் கையைத் தட்டிவிட்டாள். பிறகு அந்தக் கயிற்றை என் பக்கம் நீட்டிக் கேட்டாள்.

"எந்தம்பி உம்ம கயித்தப் பிடிச்சான், எனக்காவ. நீரு அவன் கயித்தப் பிடிச்சீரே, அது யாருக்காவ?"

அத்தனை வருஷத்தில் அவள் என்னை நீரு என்று பேசியது அன்றைக்குத்தான். உனக்காகத்தான், நீ அலுங்காமல் குலுங்காமல் வர வேண்டும் என்றுதான் என்று சொன்னேன். அவள் தம்பி பக்கம் திரும்பிக்கொண்டாள். அதன் பிறகு என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நேற்று இங்கே வந்தபோதும் உங்களிடம்தான் பேசினாள்.

கடைசியாக நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். அவன் இழுத்தது எதற்கென்று எனக்குத் தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும், ஐயா. கடலுக்குள் கிடந்து அதே இழுப்பை நான் எத்தனையோ தரம் இழுத்திருக்கிறேன். முதல் இழுப்பிலேயே விளங்கியது. ஆனால் அப்போது என் ஒற்றை விரலில் கார் போய்க்கொண்டிருந்தது. பிளாரன்சின் முந்தானை காற்றில் பறந்தது. சாலையோரத்தில் நின்றவர்களெல்லாம் வாயைப் பிளந்து பார்த்தார்கள். நிறுத்த மனம் வரவில்லை. அப்படியே எழுதிக்கொள்ளட்டும், நான் கையெழுத்துப் போடுகிறேன். ரோச்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அந்த ஒரு வளைவு தாண்டுகிற வரைக்கும் அவன் பொறுத்திருந்தால், நானே நிறுத்தித் திறந்துவிட்டிருப்பேன்.