முந்நூறு கெஜம்

வேட்டைத் துப்பாக்கியின் குறியை எத்தனை கெஜத்துக்குச் சரிசெய்து வைப்பது என்று கேட்டால், எங்கள் பள்ளத்தாக்கில் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். பீர் இரண்டாவது சுற்றுக்கு வந்துவிட்டால் சண்டையே நடக்கும். நான் அந்தச் சண்டைகளில் கலந்துகொண்டதில்லை. நாற்பது வருடமாக என் துப்பாக்கி இருநூறு கெஜத்தில்தான் இருந்தது. அதனால்தான் நீங்கள் கேட்ட கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. முதலில் வந்த போலீஸ்காரர்கள் இருவரும் வேட்டைக்காரர்கள். அவர்களுக்கு இதைக் கேட்கத் தோன்றவில்லை.

குண்டு நேர்கோட்டில் போவதில்லை. குழாயை விட்டுக் கிளம்பிக் கொஞ்சம் மேலேறும், பிறகு விழத் தொடங்கும். அது எந்தத் தூரத்தில், துப்பாக்கித் தொலைநோக்கியான ஸ்கோப்பின் குறுக்குக்கோட்டோடு வந்து சேர வேண்டும் என்பதை நாம்தான் தீர்மானிக்க வேண்டும். இருநூறுக்கு வைத்தால் நூறில் இரண்டு அங்குலம் மேலே படும், முந்நூறில் ஏழெட்டு அங்குலம் கீழே படும். எல்க் மானின் நெஞ்சு அகலமானது. இரண்டுமே அதற்குள் அடங்கிவிடும். விலங்கு துடிக்காமல் சாக வேண்டும், அவ்வளவுதான். குண்டுக் காயத்தோடு ஒரு மானை ஓடவிடுபவனை நான் மனிதனாகவே மதிப்பதில்லை.

இந்தச் செப்டம்பரில் அதை முந்நூறுக்கு மாற்றினேன்.

எங்கள் சுடுதளத்தைப் பார்த்துக்கொள்ளும் க்ளைட் பக்கத்து மேசையிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் வாய் சும்மா இருக்காது.

"என்னப்பா வெண்டல், பார்வை மங்கிப் போச்சா? மரக்காட்டுக்குள்ள போறவன் முந்நூறுக்கு வெச்சா, நூத்தம்பதுல நிக்கிற மானுக்கு முதுகு முடியத்தான் சீவி விடுவ."

"இந்த வருஷம் மேல, எரிஞ்ச காட்டுப் பக்கம் போறேன்" என்றேன். "அங்க வெட்டவெளி."

"அப்பவும் இருநூறுக்கு வெச்சு, தூரத்துக்குக் கொஞ்சம் மேல தூக்கிப் புடிக்க வேண்டியதுதான? நீதான ஊருக்கே அதச் சொல்லிக் குடுத்த."

உண்மைதான். ஆனால் தூக்கிப் பிடிப்பதில் ஒரு உத்தேசக் கணக்கு இருக்கிறது. எனக்கு உத்தேசக் கணக்கு வேண்டாம் என்று தோன்றியது. குறுக்குக்கோட்டை எங்கே வைக்கிறேனோ அங்கேயே பட வேண்டும்.

என் மருமகன் நோலனைப் பற்றி ஊரில் நல்லதாகத்தான் சொல்லியிருப்பார்கள். சொல்லட்டும். நானும் அவனைப் பற்றிக் கெட்டதாக எதுவும் சொல்லப்போவதில்லை. வேலி கட்டுவான், கூப்பிட்டால் வருவான், என் ஃப்ரீசரில் இறைச்சி அடுக்க உதவுவான். ஆனால் ஒரு தகப்பனுக்கு மற்றவர்கள் கண்ணுக்குப் படாதது படும். என் மகள் டெஸ்ஸா இளைத்துக்கொண்டு வந்தாள். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் சிரிப்புக் குறைந்தது. அவர்கள் இருவரும் சமையலறையில் தாழ்ந்த குரலில் பேசுவார்கள். நான் உள்ளே போனால் பேச்சு நின்றுவிடும். நிம்மதியான குடும்பத்தில் யாரும் அப்படிப் பேசுவதில்லை.

வசந்தத்தில் கன்றுகளுக்குச் சூடு போட்ட வாரம், அவள் மணிக்கட்டில் கன்றிப்போன தடம் ஒன்றைப் பார்த்தேன். அவன் செய்ததா என்று கேட்டேன்.

"அப்பா, கன்னுக்குட்டி கயித்த இழுத்துடுச்சு. நீங்களே பக்கத்துலதான நின்னுட்டு இருந்தீங்க."

நின்றுகொண்டிருந்தேன்தான். கயிறு இழுத்ததையும் பார்த்தேன். ஆனால் அவள் எவ்வளவு சீக்கிரம் பதில் சொன்னாள் என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். ஒன்றை மறைக்கப் பழகியவர்கள்தான் அவ்வளவு சீக்கிரம் பதில் சொல்வார்கள்.

ஆகஸ்டில், ஹக்கிள்பெர்ரிப் பழ இனிப்பை வெட்டிக்கொண்டிருக்கும்போது விஷயம் வெளியே வந்தது. அவர்கள் ஒரிகன் மாநிலத்துக்குப் போகிறார்கள். அங்கே ஒரு பெரிய கால்நடை மருத்துவமனையில் வேலை கிடைத்திருக்கிறது. வேலை டெஸ்ஸாவுக்குத்தான். விண்ணப்பித்ததும் அவள்தான் என்று சொன்னாள். அவள் வாயிலிருந்துதான் வந்தது. ஆனால் அது அவளுடைய பேச்சு இல்லை. என் மகளை எனக்குத் தெரியாதா?

"கிறிஸ்துமஸுக்கு வருவோம்ப்பா" என்றாள். "கோடையில நீங்க வாங்க. கடல் பாத்ததே இல்லல்ல நீங்க?"

நோலன் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். குற்ற உணர்ச்சி உள்ளவன்தான் தட்டைப் பார்ப்பான்.

நான் கத்தவில்லை. நல்ல வேலையா என்று கேட்டேன். பிறகு நோலனிடம், போவதற்கு முன்னால் ஒரு தடவையாவது என்னோடு எல்க் வேட்டைக்கு வரச் சொன்னேன். அவன் அதுவரை வேட்டையாடியதே இல்லை. நான் கூப்பிட்டதில் அவனுக்கு எவ்வளவு சந்தோஷம் என்று டெஸ்ஸா உங்களிடம் சொல்லியிருப்பாள்.

இடத்தை நான்தான் தேர்ந்தெடுத்தேன். லார்ச் ஓடைக்கு மேலே, எரிந்த காட்டின் ஓரத்தில் ஒரு விழுந்த மரம் கிடக்கிறது. புதியவனுக்கு வசதியான இடம். சாய்ந்துகொள்ளலாம், காற்றும் அடிக்காது. எதிர் மேட்டில் நான் உட்காரும் பாறை. துப்பாக்கியின் குறியை மாற்றுவதற்கு முந்தைய வாரமே தூரம் காட்டும் கருவியோடு தனியாகப் போய், பாறையிலிருந்து அந்த மரம்வரை பார்த்திருந்தேன். முந்நூறு. இதைத்தான் நீங்கள் கேட்டீர்கள்.

அன்று காலை பனி மெல்லியதாகப் பெய்து நின்றிருந்தது. அவனை மரத்தடியில் உட்காரவைத்து, ஆரஞ்சு மேலங்கியின் பட்டைகளை நானே இறுக்கிவிட்டேன்.

"இது கண்டிப்பாப் போட்டிருக்கணுமா?" என்று கேட்டான்.

"அப்பத்தான் நீ எங்க இருக்கன்னு எனக்குத் தெரியும்."

"நீங்க இருக்கறப்ப எனக்கென்ன பயம்" என்று சிரித்தான். "மான் வந்தா நான் நடுங்கிருவேன். நீங்களே சுட்டுருங்க."

ஓடையைக் கடந்து மேடேற நேரம் பிடித்தது. எனக்கு வயதாகிவிட்டது, நடுவில் நின்று மூச்சு வாங்க வேண்டியிருந்தது. பாறையில் பையை வைத்து, அதன்மேல் துப்பாக்கியைச் சாய்த்தேன். ஸ்கோப்பில் அவன் முகம் தெளிவாகத் தெரிந்தது. பிளாஸ்கிலிருந்து காபி ஊற்றிக்கொண்டிருந்தான். ஓடைப் பக்கம் சில பெண் மான்கள் வந்து நின்றன. அவற்றை எனக்குக் காட்டத்தான் போலிருக்கிறது, என் பக்கம் பார்த்துக் கையை உயர்த்தி ஆட்டினான். நானும் பதிலுக்கு ஆட்டினேன். பிறகு அவன் கை இறங்கும்வரை காத்திருந்தேன். கை குறுக்கே இருந்தால் குண்டு வழிமாறும். அவன் துடிப்பதை நான் விரும்பவில்லை.

துடிக்கவில்லை. அதை டெஸ்ஸாவிடம் நீங்கள் சொல்ல வேண்டும். நான் சொன்னால் இப்போது கேட்கமாட்டாள்.

மானைக் குறிவைத்தேன், குண்டு தப்பி அவன்மேல் பட்டுவிட்டது என்று முதலில் வந்தவர்களிடம் சொன்னேன். அவர்களில் ஒருவர் என் தோளில் கைவைத்து அழுதார். அந்தப் பொய்க்காக வருந்துகிறேன். நல்ல மனிதர் அவர்.

இன்னும் ஒன்று மிச்சம் இருக்கிறது. நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அரைகுறையாகச் சொல்வது எனக்குப் பழக்கமில்லை.

அன்று காலை வண்டியில் போகும்போது நோலன்தான் பேச்சை எடுத்தான். பள்ளத்தாக்கு ரோடு முடிந்து மண்பாதை தொடங்கும் இடத்தில், "வெண்டல், ஒரு விஷயம்" என்றான்.

"சொல்லு."

"ஒரிகன் விஷயமா. உங்களத் தனியா விட்டுட்டுப் போறது எனக்கு மனசே இல்ல. ஆரம்பத்துல இருந்தே அவகிட்ட அதத்தான் சொல்லிட்டு இருந்தேன். சமையலறையில நின்னு எத்தன தடவ சண்ட போட்டோம் தெரியுமா? நேத்து ஒருவழியா ஒத்துக்கிட்டா. வேலைய வேண்டாம்னு எழுதிட்டா. நாங்க இங்கயே இருக்கப் போறோம்."

நான் வண்டியை ஓட்டிக்கொண்டே இருந்தேன். நல்லது என்றேன். அதைத் தவிர வேறு என்ன சொன்னேன் என்று நினைவில்லை.

அதைக் கேட்ட பிறகும் ஏன் வண்டியைத் திருப்பவில்லை என்று நீங்கள் நினைப்பது உங்கள் முகத்திலேயே தெரிகிறது. ஆகஸ்டிலிருந்தே போகவேண்டாம் என்று நான் அவளிடம் தனியாகக் கெஞ்சிக்கொண்டிருந்தேன். அப்போதெல்லாம் தலையாட்டாதவள், அவன் சொன்னதும் தலையாட்டியிருக்கிறாள். என் மகள் இங்கே இருப்பதாக இருந்தால், அது நான் சொன்னதற்காக இருக்க வேண்டும், அவன் சொன்னதற்காக இல்லை.